வேர் சிகிச்சை செய்த பல்லில் மீண்டும் சீழ்: பிடுங்குவதற்கு முன் உள்ள இன்னொரு வழி

பெங்களூரு: வேர் சிகிச்சை முடிந்து, மேலே உறையும் பொருத்தி, சில ஆண்டுகள் தொல்லையின்றி இருந்த பல்லின் அருகே ஈறில் சிறு கொப்புளம் தோன்றுகிறது. அழுத்தினால் உப்புச் சுவையுடன் நீர் கசிகிறது. சில நாள்களில் தானாக அடங்கி, மீண்டும் வருகிறது. வலி பெரும்பாலும் இருப்பதில்லை என்பதால் மாதக்கணக்கில் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும்போது வேரின் நுனியைச் சுற்றி எலும்பு கரைந்து, கறுப்பு வட்டம் ஒன்று தெரிகிறது.

இந்த நிலையில் நோயாளிக்குப் பெரும்பாலும் இரண்டு ஆலோசனைகள் கிடைக்கின்றன. ஒன்று, வேர் சிகிச்சையை மீண்டும் செய்வது. மற்றொன்று, பல்லைப் பிடுங்கிவிட்டு இம்ப்ளான்ட் பொருத்திக்கொள்வது. இவ்விரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு வழி உண்டு. ஈறைத் திறந்து, எலும்பில் சிறு துளையிட்டு, கிருமி தங்கியுள்ள வேர் நுனியை வெட்டி நீக்கி, வெட்டிய இடத்தைக் கீழிருந்து அடைப்பதே அந்த வழி. 'அபிசெக்டமி' அல்லது வேர் நுனி அறுவை சிகிச்சை என்று பல் மருத்துவர்கள் இதனைக் குறிப்பிடுகின்றனர். இந்தச் சிகிச்சை புதியது அன்று. அதன் வெற்றி வாய்ப்பு கடந்த முப்பது ஆண்டுகளில் பெருமளவு உயர்ந்துவிட்டது என்பதுதான் புதிய செய்தி. அது நோயாளிகள் பலரை இன்னும் எட்டவில்லை.

பெங்களூருவில் இதற்கான வசதிகளுக்குக் குறைவில்லை. விக்டோரியா மருத்துவமனையை ஒட்டிய கோட்டைப் பகுதியில் 1958இல் தொடங்கப்பட்ட அரசு பல் மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. ஜெயநகரில் தலைமையகம் கொண்ட ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் நகரின் பல பகுதிகளில் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளும் உள்ளன. ஓசூர், கிருஷ்ணகிரி, கோலார் பகுதிகளில் வாழும் தமிழர்களுக்கும் எளிதில் வந்து செல்லக்கூடிய நகரம் இது. தமிழின் 'பல்' இங்கே கன்னடத்தில் 'ஹல்லு' ஆகிறது, 'வேர்' 'பேரு' ஆகிறது. சொல் மாறினாலும் நோயாளி கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ஏற்கெனவே சிகிச்சை செய்த பல்லில் மீண்டும் எப்படிச் சீழ் பிடித்தது?

முதல் சிகிச்சை தவறுவது ஏன்?

பல்லின் நடுவே பற்கூழ் எனப்படும் மென்மையான திசு உள்ளது. நரம்புகளும் இரத்த நாளங்களும் அதில் அடங்கியுள்ளன. சொத்தை ஆழமாகி இத்திசுவை எட்டும்போது கிருமிகள் அதனை அழித்து, வேர்க்குழாய் வழியாக நுனிக்குச் சென்று, அங்கிருந்து தாடை எலும்பைத் தாக்குகின்றன. இதற்குக் கிருமிகளே காரணம் என்பதை அமெரிக்காவில் நடைபெற்ற ஓர் எளிய சோதனை 1965இல் ஐயமின்றி நிறுவியது. எலிகளின் பற்களில் துளையிட்டுப் பற்கூழ் திறந்துவிடப்பட்டது. சாதாரண எலிகளில் கூழ் அழுகிச் சீழ் பிடித்தது. கிருமியற்ற சூழலில் வளர்க்கப்பட்ட எலிகளிலோ, உணவுத் துணுக்குகள் துளையில் சிக்கியிருந்த நிலையிலும் காயம் தானாக ஆறி, புதிய டென்டின் உருவாகி மூடிக்கொண்டது.

எனவே வேர் சிகிச்சை என்பது அடிப்படையில் கிருமி நீக்கும் பணியே ஆகும். மருத்துவர் பல்லின் மேற்புறம் துளையிட்டு, மெல்லிய அரங்களால் குழாயைச் சுரண்டி, சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் கழுவி, பின்னர் கட்டா பெர்ச்சா என்னும் மரப்பாலிலிருந்து பெறப்படும் பொருளால் அடைக்கிறார். மலாய் மொழியிலிருந்து வந்த பெயர் அது. இந்தப் பணியைத் தேர்ந்தவர்கள் செய்யும்போதும் எல்லாப் பற்களும் குணமடைவதில்லை. எக்ஸ்ரேயில் எலும்பு முழுமையாக நிரம்பியிருக்க வேண்டும் என்ற கடுமையான அளவுகோலைக் கொண்டு பல்வேறு நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் வெளியான மதிப்பீடு, முதல்முறை வேர் சிகிச்சையின் வெற்றி விகிதத்தை 68 முதல் 85 சதவீதம் எனக் கணக்கிட்டது.

இதற்கு முக்கியக் காரணம் வேரின் அமைப்பே. சுவிட்சர்லாந்தின் வால்டர் ஹெஸ், பிடுங்கப்பட்ட ஆயிரக்கணக்கான பற்களுக்குள் ரப்பரைச் செலுத்தி இறுக வைத்து, பின் பல்லைக் கரைத்து, உள்ளிருந்த குழாயின் வார்ப்பை எடுத்துக் காட்டினார். அப்படங்கள் 1925இல் ஆங்கிலத்தில் வெளியானபோது பல் மருத்துவ உலகம் திகைத்தது. நேரான ஒற்றைக் குழாய் என்று எண்ணப்பட்டது, உண்மையில் ஆற்றின் கழிமுகம் போலப் பல கிளைகளாகப் பிரிந்தும் இணைந்தும் கிடந்தது. கிளைகள் மிகுதியாக உள்ள இடம் நுனியின் கடைசி மூன்று மில்லிமீட்டர். அரமும் கரைசலும் எளிதில் எட்டாத இடமும் அதுவே.

இதற்கு மேல் மனிதத் தவறுகளும் சேர்கின்றன. மேல் முதல் கடைவாய்ப்பல்லின் முன்கன்ன வேரில் பெரும்பாலானோருக்கு இரண்டாவது குழாய் ஒன்று உண்டு. வெறுங்கண்ணுக்கு எளிதில் புலப்படாத அக்குழாய் விடுபட்டால், கிருமிகள் அங்கே பத்திரமாகத் தங்கிவிடுகின்றன. வளைந்த குழாயில் அரம் முறிந்து சிக்கிக்கொள்வதுண்டு. வயது முதிரும்போது குழாய் சுண்ணம் படிந்து அடைபட்டிருக்கலாம். சிகிச்சை சரியாக முடிந்த பின்னரும், உறை பொருத்துவதைத் தள்ளிப்போடுவதால் தற்காலிக அடைப்பு கசிந்து எச்சில் உள்ளே இறங்குகிறது. இந்தக் கடைசிக் காரணத்தை நோயாளிகள் தங்கள் கவனத்தால் தவிர்க்க முடியும். வலி நின்றுவிட்டது என்பதற்காக உறை பொருத்த வராமல் விடுபவர்கள் ஏராளம்.

குழாயை எவ்வளவு தூய்மைப்படுத்தினாலும் ஆறாத புண்களும் உண்டு. ஆக்டினோமைசஸ் போன்ற சில கிருமிகள் வேருக்கு வெளியே எலும்புப் பகுதியிலேயே கூட்டமாக வளரக்கூடியவை. வேர் நுனியில் உருவாகும் நீர்க்கட்டிகள் இன்னொரு வகை. சூரிச் பல்கலைக்கழகத்தின் பி.என்.ராமச்சந்திரன் நாயரும் அவருடைய குழுவினரும், பற்களோடு ஒட்டி வந்த 256 புண்களை மெல்லிய சீவல்களாக வெட்டி ஆராய்ந்து 1996இல் முடிவுகளை வெளியிட்டனர். அவற்றில் 15 சதவீதம் மட்டுமே நீர்க்கட்டிகள். பாதியளவு நீர்க்கட்டிகளாக இருக்கும் என்ற அதுவரையிலான நம்பிக்கையை அது தகர்த்தது. அந்த 15 சதவீதத்திலும் ஒரு பகுதி, வேர்க்குழாயுடன் தொடர்பில்லாமல் முற்றிலும் மூடிய பை. 9 சதவீதமாக இருந்த இவ்வகை உள்ளிருந்து செய்யும் சிகிச்சைக்குக் கட்டுப்பட வாய்ப்பு குறைவு. எக்ஸ்ரேயைப் பார்த்து எது எந்த வகை என்று உறுதியாகச் சொல்ல இயலாது என்பதும் அந்த ஆய்வின் பாடம்.

மறுசிகிச்சையா, அறுவையா?

பல்லைப் பிடுங்காமல் காக்க முடிவெடுத்த பின், முதலில் பரிசீலிக்கப்பட வேண்டியது மறு வேர் சிகிச்சையே. பழைய அடைப்பை நீக்கி, விடுபட்ட குழாயைத் தேடி, மீண்டும் கழுவி அடைப்பது அது. கத்தி வைக்கத் தேவையில்லை. முதல் சிகிச்சை அரைகுறையாக இருந்தது எக்ஸ்ரேயிலேயே தெரிந்தால், அறுவைக்குத் தாவுவதில் பொருளில்லை. மேலே கிருமி இருக்கும்போது கீழே நுனியை மட்டும் வெட்டுவது, ஒழுகும் கூரையைச் சரி செய்யாமல் சுவருக்கு வண்ணம் பூசுவதற்கு ஒப்பாகும்.

அறுவை முன்னுக்கு வருவது வேறு சூழல்களில். நல்ல முறையில் செய்யப்பட்ட மறுசிகிச்சைக்குப் பிறகும் புண் ஆறாமல் இருக்கலாம். குழாய்க்குள் உலோகத் தண்டு இறுக்கமாகப் பொருத்தப்பட்டு, அதனை உருவினால் வேரே பிளந்துவிடும் என்ற நிலை இருக்கலாம். முறிந்த அரம் நுனியில் சிக்கி எடுக்க முடியாமல் போகலாம். நீண்ட பாலத்துக்குத் தூணாக நிற்கும் பல்லாக இருந்தால், உறையைத் துளைப்பது முழுப் பாலத்தையும் இழக்கச் செய்யலாம். திசுவை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்தே ஆக வேண்டிய ஐயம் எழும்போதும் அறுவை தேவைப்படுகிறது. வேர் நுனியில் தெரியும் கறுப்பு வட்டங்கள் எல்லாமே பல் கிருமியால் வந்தவை அல்ல. அரிதாக வேறு கட்டிகளும் அதே தோற்றத்தில் மறைந்திருக்கும்.

இரு வழிகளையும் ஒப்பிட்டு 2009இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு சுவையான முடிவைத் தந்தது. 2 முதல் 4 ஆண்டுகளில் அறுவையின் வெற்றி 77.8 சதவீதம், மறுசிகிச்சையின் வெற்றி 70.9 சதவீதம். ஆனால் 4 முதல் 6 ஆண்டுகளில் நிலை தலைகீழானது. அறுவை 71.8 சதவீதமாக இறங்க, மறுசிகிச்சை 83 சதவீதமாக உயர்ந்தது. அறுவையில் புண் விரைவாக ஆறுகிறது. மறுசிகிச்சையில் மெதுவாக ஆறினாலும் நிலைத்து நிற்கிறது. எனினும் இந்தக் கணக்கில் பழைய முறையில் செய்யப்பட்ட அறுவைகளும் கலந்திருந்தன என்பதை மறந்துவிடக் கூடாது. பழைய முறைக்கும் புதிய முறைக்கும் உள்ள இடைவெளி மிகப் பெரியது.

45 பாகை வெட்டின் கதை

வேர் நுனியை வெட்டும் சிகிச்சை 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் ஜான் ஃபாரர் 1884இல் இதைப் பற்றி எழுதினார். அன்றைய பிரெஸ்லாவ் நகரில், அதாவது இன்றைய போலந்தின் விரோத்ஸ்வாஃபில், பணியாற்றிய கார்ல் பார்ட்ஷ் இதனை முறைப்படுத்தினார். பிறை வடிவில் ஈறைக் கீறும் முறை இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

பின்னர் ஏறக்குறைய நூறாண்டுகள் இச்சிகிச்சை பெரிய மாற்றமின்றியே நடந்தது. மருத்துவர் எலும்பில் 8 முதல் 10 மில்லிமீட்டர் அகலத்துக்குத் துளையிட்டார். பெரிய துளைக் கருவியும் பெரிய கண்ணாடியும் உள்ளே நுழைய வேண்டியிருந்ததே காரணம். வேரை 45 பாகை சாய்வாக வெட்டினார். அவ்வாறு வெட்டினால்தான் வெட்டு முகம் மருத்துவரின் கண்ணுக்குத் தெரியும். நோயாளியின் பல்லுக்கு அச்சாய்வு எந்த நன்மையும் செய்யவில்லை. மாறாக, வேரின் உட்புறப் பகுதி வெட்டுப்படாமல் தங்கியது. டென்டினில் உள்ள நுண்துளைகள் ஆயிரக்கணக்கில் திறந்துகொண்டு கிருமிகளுக்கு வழிவிட்டன. அடைப்பதற்குப் பயன்பட்ட வெள்ளி அமால்கம் காலப்போக்கில் அரித்து, ஈறில் நீலக்கறுப்புக் கறையையும் விட்டுச் சென்றது. இந்தச் சிகிச்சையால் பயனில்லை என்று முந்தைய தலைமுறை மருத்துவர்கள் பலர் சொல்லிவந்ததற்கு அவர்களுடைய அனுபவமே ஆதாரம்.

மாற்றம் 1990களில் மூன்று திசைகளிலிருந்து வந்தது. முதலாவது, கண் மற்றும் காது அறுவைகளில் பயன்பட்டுவந்த அறுவை நுண்ணோக்கி பல் மருத்துவத்துக்குள் நுழைந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் சிங்சக் கிம் உள்ளிட்டோர் அதற்காக முனைந்தனர். 1998 முதல் அமெரிக்காவில் வேர் சிகிச்சை மேற்படிப்பு மாணவர்களுக்கு நுண்ணோக்கிப் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. இரண்டாவது, கேளா ஒலி அதிர்வில் இயங்கும் 3 மில்லிமீட்டர் நீளக் கொக்கி முனைகள் வந்தன. இவை சிறு துளைக்குள் திரும்பி, வேரின் அச்சுக்கு நேராகவே குழி எடுக்கக்கூடியவை. இதனால் எலும்புத் துளை 3 முதல் 4 மில்லிமீட்டராகச் சுருங்கியது. வெட்டின் சாய்வும் ஏறக்குறைய மறைந்து, பத்துப் பாகைக்குள் அடங்கியது.

மூன்றாவது ஒரு சிமெண்ட். அமெரிக்காவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த முகமது தொராபினெஜாத் குழுவினர் 1993இல் அறிமுகப்படுத்திய எம்.டி.ஏ. என்னும் அப்பொருள், வீடு கட்டப் பயன்படும் போர்ட்லாந்து சிமெண்டின் நெருங்கிய உறவு. எக்ஸ்ரேயில் தெரிவதற்காகப் பிஸ்மத் ஆக்சைடு சேர்க்கப்பட்டு, மருத்துவத் தரத்தில் தயாரிக்கப்படுகிறது. மற்ற அடைப்புப் பொருள்களுக்கு ஈரம் எதிரி. வாய்க்குள், இரத்தம் கசியும் எலும்புக் குழிக்குள், ஈரத்தை எப்படித் தவிர்ப்பது? சிமெண்டுக்கு அந்தச் சிக்கலே இல்லை. இறுகுவதற்கு அதற்குத் தண்ணீர் தேவை. இறுகிய பின் அதன்மீது புதிய திசு வளர்ந்து மூடிக்கொள்கிறது. பயோசெராமிக் என்ற பொதுப் பெயரில் இன்று விற்கப்படும் பிற அடைப்புப் பொருள்கள் இதே வழியில் வந்தவை.

இந்த மாற்றங்களின் விளைவை 2010இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று எண்களில் காட்டியது. பழைய முறை அறுவையின் வெற்றி 59 சதவீதம். நுண்ணோக்கி, கேளா ஒலி முனை, புதிய அடைப்புப் பொருள் ஆகிய மூன்றும் சேர்ந்த நுண் அறுவையின் வெற்றி 94 சதவீதம். இந்த ஆய்வுகள் பெரும்பாலும் தேர்ந்த நிபுணர்களின் கைகளில், தேர்ந்தெடுக்கப்பட்ட பற்களில் செய்யப்பட்டவை. எல்லா மருத்துவமனைகளிலும் அதே எண்ணை எதிர்பார்ப்பது நியாயமன்று. ஆயினும் பழைய அறுவையை நினைவில் வைத்து இச்சிகிச்சையை ஒதுக்குவது இனி பொருந்தாது.

அறுவை அறையில் நடப்பது

முப்பரிமாண ஸ்கேன் முதலில் எடுக்கப்படுகிறது. சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பின் தாதுப்பொருள் 30 முதல் 50 சதவீதம் வரை கரைந்த பின்னரே புண் தெளிவாகத் தெரியும். சிபிசிடி எனப்படும் இந்த ஸ்கேன், புண்ணின் அளவையும், நரம்புக்கும் சைனஸ் அறைக்கும் வேர் நுனி எவ்வளவு நெருக்கமாக உள்ளது என்பதையும் முன்னரே காட்டிவிடுகிறது.

முழு மயக்கம் தேவைப்படுவதில்லை. பல் பிடுங்கும்போது போடப்படும் அதே மரத்துப்போகும் ஊசிதான். அதில் கலந்துள்ள அட்ரினலின், இரத்த நாளங்களைச் சுருக்கி இரத்தக் கசிவைக் குறைக்கிறது. நுண்ணோக்கியின் கீழ் ஒரு துளி இரத்தமும் பார்வையை மறைத்துவிடும் என்பதால் இது மிக முக்கியம். பின்னர் ஈறு கீறப்பட்டு, எலும்பிலிருந்து கவனமாக விலக்கப்படுகிறது. எலும்பில் துளையிட்டு, வேர் நுனியைச் சுற்றியுள்ள நோயுற்ற திசு சுரண்டி எடுக்கப்படுகிறது. இத்திசு குப்பைக்குப் போகக் கூடாது. நோய்க்குறியியல் ஆய்வுக்கு அனுப்பப்பட வேண்டும். அனுப்பப்படுகிறதா என்று நோயாளி கேட்பதில் தவறில்லை.

அடுத்து வேர் நுனியில் 3 மில்லிமீட்டர் வெட்டப்படுகிறது. அந்த அளவு ஏதோ ஒரு கணக்கில் வைத்ததன்று. 3 மில்லிமீட்டர் நீக்கினால் நுனிக் கிளைகளில் 98 சதவீதமும், பக்கவாட்டுக் குழாய்களில் 93 சதவீதமும் நீங்கிவிடுவதாகக் கிம் மற்றும் கிராட்ச்மன் 2006இல் எழுதினர். அதற்குமேல் வெட்டினால் பெரிய பயனில்லை, வேர் மட்டுமே குட்டையாகும். வெட்டிய முகத்தில் மெத்திலீன் நீலம் என்ற சாயம் தடவி, 4 முதல் 25 மடங்கு வரை பெரிதாக்கிப் பார்க்கிறார்கள். முதல் சிகிச்சையில் விடுபட்ட குழாயோ, இரண்டு குழாய்களை இணைக்கும் மெல்லிய இடுக்கோ, விரிசலோ இருந்தால் நீலக்கோடாகத் தெரியும். சிகிச்சை தோற்றதன் காரணம் பெரும்பாலும் இந்த நிமிடத்தில்தான் வெளிப்படுகிறது.

விரிசல் மேலிருந்து கீழ்வரை ஓடினால் சிகிச்சை அத்துடன் நிற்கிறது. நெடுக்காகப் பிளந்த வேரைக் காக்கும் நம்பகமான வழி எதுவும் இல்லை. பல்லைப் பிடுங்க வேண்டியதுதான். இந்த வாய்ப்பை முன்கூட்டியே சொல்லி நோயாளியின் ஒப்புதலைப் பெறுவது மருத்துவரின் கடமை.

விரிசல் இல்லையென்றால், கேளா ஒலி முனையால் வேருக்குள் 3 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் குழி எடுத்து, சிமெண்டால் அடைத்து, ஈறை மீண்டும் பொருத்தி, மயிரினும் மெல்லிய நூலால் தையல் போடப்படுகிறது. முன்பல்லாக இருந்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடியலாம். கடைவாய்ப்பல்லுக்குக் கூடுதல் நேரம் ஆகும்.

எந்தப் பல் என்பது ஆபத்தின் அளவை மாற்றுகிறது. மேல் முன்பற்களில் எலும்பு மெல்லியது, அணுகுவது எளிது. மேல் கடைவாய்ப்பற்களின் வேர்கள் சைனஸ் அறைக்கு மிக அருகில் உள்ளன. சிறு துளை விழுந்தால் பெரும்பாலும் தானாக மூடிக்கொள்ளும். ஆனால் சில நாள்கள் மூக்கைப் பலமாகச் சிந்தக் கூடாது. கீழ்த்தாடையில் கவலை வேறு. இரண்டாம் முன்கடைவாய்ப்பல்லின் அருகே கீழுதட்டுக்கு உணர்வு தரும் நரம்பு எலும்பிலிருந்து வெளிவருகிறது. அது அழுத்தப்பட்டால் உதடு வாரக்கணக்கில் மரத்திருக்கலாம். அரிதாக அந்த மரப்பு நிலைத்தும் விடலாம். கீழ் இரண்டாம் கடைவாய்ப்பல்லில் எலும்பு மிகத் தடிமனானது. அங்கே சில மருத்துவர்கள் பல்லை முழுதாகவே கவனமாக எடுத்து, கையில் வைத்து நுனியை வெட்டி அடைத்து, சில நிமிடங்களில் அதே குழியில் திரும்ப நட்டுவிடுகின்றனர். நாற்றைப் பிடுங்கி நடுவது போன்ற இம்முறைக்கு வேகம் முக்கியம். வேரைச் சூழ்ந்த உயிருள்ள மென்திசு உலர்ந்துவிட்டால் பல் தங்காது.

இம்ப்ளான்ட் எப்போது மேல்?

பல்லைக் காப்பதே எப்போதும் சரி என்று சொல்வது மிகையாகும். ஈறு நோயால் எலும்பு பெரும்பகுதி கரைந்து ஆடும் பல், உறை பொருத்த இயலாத அளவுக்கு மேல்பகுதி சிதைந்த பல், ஏற்கெனவே குட்டையான வேர் கொண்ட பல் ஆகியவற்றில் அறுவை செய்வது பணத்தையும் காலத்தையும் வீணாக்கும். அங்கே இம்ப்ளான்டோ பாலமோ நேர்மையான ஆலோசனை.

ஆனால் காக்கக்கூடிய பல்லுக்கும் பிடுங்குவதே முதல் ஆலோசனையாக வரும்போது நோயாளி ஒரு கணம் நின்று யோசிப்பது நல்லது. இயற்கைப் பல்லின் வேரைச் சூழ்ந்துள்ள நார்த்திசு, சோற்றில் கிடக்கும் சிறு கல்லையும் கடித்த உடனே உணர்த்திவிடும். டைட்டானியம் திருகுக்கு அந்த உணர்வு இல்லை. இம்ப்ளான்டைச் சுற்றியும் கிருமித் தொற்றும் எலும்பு இழப்பும் வரலாம். அறுவை தோற்றால் பின்னர் இம்ப்ளான்ட் வைத்துக்கொள்ள முடியும். இம்ப்ளான்ட் வைத்த பின் பல்லைத் திரும்பப் பெற முடியாது. இது தெரிந்தும் ஒருவர் பிடுங்குவதைத் தேர்ந்தால் அது அவர் உரிமை.

தெரிவிப்பது மருத்துவரின் கடமை என்பதைச் சட்டமும் சொல்கிறது. சிகிச்சையின் தன்மை, நோக்கம், முக்கிய ஆபத்துகள், மாற்று வழிகள், சிகிச்சை பெறாவிட்டால் ஏற்படும் விளைவுகள் ஆகியவற்றைச் சொன்ன பின் பெறும் ஒப்புதலே செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்துள்ளது. பல் சிகிச்சைக்கும் இது பொருந்தும்.

செலவுதான் பலருக்கு முடிவைத் தீர்மானிக்கிறது. மருத்துவக் காப்பீடுகளில் பெரும்பாலானவை விபத்தினால் அல்லாத பல் சிகிச்சையை ஏற்பதில்லை. கர்நாடக அரசின் 'தந்த பாக்ய' திட்டம் வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள முதியோருக்கு இலவசப் பல்செட் வழங்குகிறது. பற்களை எல்லாம் இழந்தவர்களுக்குப் பேருதவி அது. இழப்பதற்கு முன்பே பல்லைக் காக்கும் சிகிச்சைக்கு அதே அளவு ஆதரவு கிடைப்பதில்லை. இந்த இடைவெளியைப் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் ஓரளவு நிரப்புகின்றன. அங்கே மூன்றாண்டு எம்.டி.எஸ். மேற்படிப்பு பயிலும் மருத்துவர்கள் பேராசிரியர்களின் மேற்பார்வையில் இந்த அறுவையைச் செய்கின்றனர். தனியார் மருத்துவமனையைவிடக் கட்டணம் குறைவு. பதிலாகக் காத்திருப்பும், பலமுறை வந்து செல்வதும் உண்டு. கேட்க வேண்டிய கேள்வி எளியது: அறுவை நுண்ணோக்கியின் கீழ் செய்யப்படுமா, இல்லையா?

மாத்திரை தீர்வாகாது

சீழ்க் கொப்புளம் வந்தவுடன் மருந்துக் கடையில் அமாக்சிசிலினும் மெட்ரோனிடசோலும் வாங்கி விழுங்குவது பரவலான பழக்கம். இரண்டுமே மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்துகள். சட்டத்தை விடுத்து அறிவியலைப் பார்த்தாலும் பயன் குறைவு. வேர் சிகிச்சை செய்த பல்லுக்குள் இரத்த ஓட்டம் இல்லை. இரத்தத்தில் கலந்த மருந்து கிருமி இருக்கும் இடத்துக்குச் சென்று சேர வழியே இல்லை. வீக்கம் சில நாள் வடியும், காரணம் அப்படியே இருக்கும்.

எனினும் சில அறிகுறிகளுக்கு ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. தாடைக்குக் கீழே இருபுறமும் பரவும் கடின வீக்கம், வாயைத் திறக்க இயலாமை, விழுங்குவதில் அல்லது மூச்சுவிடுவதில் சிரமம், கண்ணைச் சுற்றிய வீக்கம், குளிர்காய்ச்சல் ஆகியவை தொற்று ஆழமான பகுதிகளுக்குப் பரவுவதைக் காட்டுகின்றன. இது உயிருக்கு ஆபத்தான நிலை. பல் மருத்துவமனையைத் தேடாமல் நேராகப் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

அறுவைக்கு முன் மருத்துவரிடம் மறைக்கக் கூடாத செய்திகளும் உண்டு. இதயத்தில் ஸ்டென்ட் வைத்து இரத்தம் உறையாமைக்கான மாத்திரை சாப்பிடுபவர்கள், அதனைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. இதய மருத்துவரின் கருத்து கேட்கப்பட வேண்டும். செயற்கை இதய வால்வு உள்ளவர்களுக்கு அறுவைக்கு முன் நோய் எதிர்ப்பு மருந்து தேவைப்படும். எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ பிஸ்பாஸ்போனேட் வகை மருந்துகள் பெறுபவர்களுக்குத் தாடை எலும்புக் காயம் ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. கட்டுக்கடங்காத நீரிழிவும் புகைப்பழக்கமும் ஆறுவதைத் தாமதப்படுத்தும்.

வேர் சிகிச்சை செய்த பற்கள் புற்றுநோயை உண்டாக்கும் என்ற வாட்ஸ்ஆப் செய்திகளால் அஞ்சி வருபவர்களும் உள்ளனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவி, எண்ணற்றோரின் பற்கள் வீணாகப் பிடுங்கப்படக் காரணமாகி, பின்னர் கைவிடப்பட்ட ஒரு கொள்கையின் எச்சம் அது.

ஆறும் காலம்

முதல் நாள் கன்னத்தின் மேல் விட்டுவிட்டு ஐஸ் ஒத்தடம் கொடுக்க வேண்டும். வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்தை அடைந்து பின் வடியும். உதட்டைத் தூக்கிக் கண்ணாடியில் தையலைப் பார்க்கும் ஆவலை அடக்கிக்கொள்வது முக்கியம். அந்த இழுப்பிலேயே தையல் பிரிந்துவிடக்கூடும். கஞ்சி, இட்லி, தயிர்ச்சோறு போன்ற மென்மையான உணவு போதும். தையல் சில நாள்களிலேயே, பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள், பிரிக்கப்படுகிறது.

ஈறு ஆறுவது வேகமானது, எலும்பு ஆறுவது மெதுவானது. ஆறு மாதத்திலும் ஓராண்டிலும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிடுகிறார்கள். பெரிய புண்ணாக இருந்தால் அதன்பின் மேலும் சில ஆண்டுகள் கண்காணிப்பு தொடரும். தாடை எலும்பின் முன்சுவர், பின்சுவர் இரண்டுமே கரைந்திருந்த இடங்களில் எலும்புக்குப் பதிலாகத் தழும்புத் திசு நிரம்புவதுண்டு. எக்ஸ்ரேயில் அது சிறிய கறுப்புப் புள்ளியாக நிலைத்து நிற்கும். அது நோய் அன்று. ஆனால் முந்தைய படங்களைப் பார்க்காத புதிய மருத்துவர் ஒருவர் அதைச் சீழ் என்று கருதி மீண்டும் அறுவைக்கோ பிடுங்குவதற்கோ பரிந்துரைக்கக்கூடும். வேலைக்காக ஊர் மாறுவோர் நிறைந்த பெங்களூருவில் இது எளிதில் நிகழக்கூடியது. அறுவைக்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களையும், திசு ஆய்வு முடிவையும் நோயாளியே ஒரு பிரதி வாங்கி வைத்துக்கொள்ளும்படி பல் மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.